வீட்டுக்கல்விப் பாடத்திட்டம் வாங்கப் போகிறவர்களுக்கு: 1,08,000 ரூபாய் ஏமாந்த விவரம்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று முடிவெடுத்துப் பாடத்திட்டம் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

கோயம்புத்தூரில் இருக்கிறோம். அப்போது மகனுக்குப் பதின்மூன்று வயது, மகளுக்கு எட்டு. மகனுக்குப் பள்ளி ஒத்துவரவில்லை. காலையில் வயிற்றுவலி, ராத்திரி அழுகை என்று ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் டி.சி. வாங்கினோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அப்போ பத்தாவது எப்படி எழுதுவான்?" அதை நினைத்து நினைத்தே எனக்குத் தூக்கம் போனது. அந்தப் பயம் விற்க வந்தவருக்குத் தோதாகப் போய்விட்டது.

"கவலையே படாதீங்க மேடம். நம்மளோடது அமெரிக்காவுல அங்கீகாரம் வாங்குன கரிகுலம். பத்து முடிச்சதும் சர்டிபிகேட் நாங்களே தர்றோம். இந்தியா முழுக்கச் செல்லும்."

எழுத்தில் தருவீர்களா என்று கேட்டேன். "எல்லாம் பிரோஷர்லயே இருக்குதுங்க" என்றார். அதில் இருந்தது 'சர்வதேசத் தரம்' என்ற இரண்டு சொற்கள் மட்டும்.

இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 1,08,000 ரூபாய். மாதம் 9,000 வீதம் பன்னிரண்டு மாதம், வட்டி இல்லை என்றார். ஆதார், பான் எண் வாங்கினார், போனிலேயே இருந்து ஓடிபி கேட்டார். நிறுவனத்துக்கே தவணை கட்டுகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் தவணை போன அன்று வந்த குறுஞ்செய்தியில்தான் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. என் பெயரில் கடன்! பாடத்திட்டம் விற்ற நிறுவனத்துக்கு மொத்தப் பணமும் முதல் நாளே போய்விட்டது. தவணையை நிறுத்தினால் அடிபடுவது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் என் சிபில் ஸ்கோர்.

'பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளில் முழுப்பணமும் திரும்பத் தருவோம்' என்றும் சொல்லியிருந்தார்கள். புத்தகப் பெட்டி வந்தது பதினோராவது நாள். ஏழு நாள் என்பது பணம் கட்டிய தேதியிலிருந்தாம்.

பெட்டியைப் பிரித்தால் வழவழ அட்டைக்குள் பிரிண்ட் எடுத்த ஒர்க்‌ஷீட்டுகள். மகளின் கணக்குப் புத்தகத்தில் நாணயப் பாடம் முழுவதும் டைம், நிக்கல், குவார்ட்டர் என்று அமெரிக்கக் காசுகள். "குவார்ட்டர்னா இருபத்தஞ்சு சென்ட்டாம்மா? சென்ட்னா நிலம் அளக்கறதுதானே?" என்று கேட்டாள். எடை பவுண்டில், நீளம் அங்குலத்தில். சமூக அறிவியலில் அமெரிக்காவின் ஐம்பது மாகாணங்களின் தலைநகரங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற நொய்யல் எங்கே போய்க் காவிரியில் சேர்கிறது என்று அவளுக்குச் சொல்ல அதில் ஒரு வரி இல்லை. தமிழ்ப் பாடம் கூடுதல் கட்டணமாம். மகனின் அறிவியலில் பாதிப் பக்கங்கள் என்சிஇஆர்டி புத்தகத்திலிருந்து எடுத்தவை. அந்தப் புத்தகங்களை என்சிஇஆர்டி தன் தளத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் கழகமும் அப்படியே.

உண்மை தெரிந்தது திறந்தநிலைப் பள்ளிக்கான ஒரு படிப்பு மையத்தில். அங்கிருந்த பெரியவர் பிரோஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பரீட்சை நடத்துற போர்டு எதுன்னு இதுல எங்கயும் போடலியே?" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். அமெரிக்காவிலேயே அங்கீகாரம் என்பது பள்ளிக்குத்தான், புத்தகக் கட்டுக்கு இல்லை. எந்தப் புத்தகத்தை வைத்து வேண்டுமானாலும் வீட்டில் படிக்கலாம். செல்லுபடியாவது தேர்வு நடத்தும் வாரியத்தின் சான்றிதழ். நம் ஊரில் பெரும்பாலோர் போவது என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழி. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இருப்பது. பத்தாவதுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், ஐந்து பாடங்கள், வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஒருமுறை சேர்ந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். பாடநூல்கள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கின்றன. மாநில வழியில் போக நினைப்பவர்களுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு உண்டு, அதற்கு 12½ வயது நிறைந்திருந்தால் போதும். வெளிநாட்டு வாரியம் என்று யாராவது சொன்னால், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதற்கு இணைச்சான்று (இங்குள்ள படிப்புக்குச் சமம் என்ற சான்று) தருகிறதா என்று பாருங்கள். இந்த விவரங்களைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பைசா செலவாகவில்லை. அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

விற்க வருபவரிடம் கேளுங்கள்: எந்த வாரியம், யார் பெயரில் பதிவு, தேர்வு மையம் எங்கே? பதிலை மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் ஓடிபி சொல்லாதீர்கள். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைத் தவிர்க்கச் சொல்லி 2021 டிசம்பரிலேயே கல்வி அமைச்சகம் எச்சரித்திருக்கிறது. நான் அதைப் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்கு மனுக் கட்டணம் இல்லை. கடன் கொடுத்தவர்களுக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அந்த விற்பனையாளர் எனக்கு அனுப்பியதை 'எல்லோருக்குமாக' அழித்துவிட்டார்; நல்லவேளையாக நான் அதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன்.

இன்னும் ஐந்து தவணை பாக்கி. மகன் என்ஐஓஎஸ்ஸில் சேர்ந்துவிட்டான், அக்டோபரில் இரண்டு பாடம் எழுதுகிறான். இதே மாதிரி பெட்டி வாங்கியவர்கள் கோவை, திருப்பூர் பக்கம் இருந்தால் தொடர்பு கொள்ளுங்கள். என் மனுவின் நகலைத் தருகிறேன், உங்களுடையதை எழுத அது உதவும்.