குலை வெட்டப் போகிறவருக்கு எந்தப் பசியாறல்: தேத்தண்ணியா, ரொட்டியா, சோறா?

பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நம் வாயில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கும் ஊரில், விடிவதற்கு முன்பே செம்பனைத் தோட்டத்துக்குக் கிளம்புகிறவர்கள் கடையில் எடுப்பது பெரும்பாலும் இவைதான்: பிஸ்கட்டோடு ஒரு தேத்தண்ணி, பருப்புக் கறியோடு ரொட்டி சானாய், மடித்துக் கட்டிய நாசி லெமாக். வீட்டில் பசியாறி வருகிறவர்களுக்குத் தோசை, இல்லையென்றால் முதல் நாள் சோறு. இளைஞர்கள் கையில் எனர்ஜி டிரிங்க் டப்பாவும் இருக்கிறது. இவற்றில் எது பத்து மணி வரை கையை ஓய விடாது?

முதலில் உழைப்பின் கணக்கு. ஒருவர் ஒரு நாளில் ஒன்றரை டன் குலையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் தூக்கி வண்டியில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இயற்பியல்படி அது 14,700 ஜூல், வெறும் மூன்றரை கிலோகலோரி. தசை தான் எரிப்பதில் 20 முதல் 25 விழுக்காட்டைத்தான் அசைவாக மாற்றும். மற்றதெல்லாம் சூடாகப் போய்விடும். அதையும் சேர்த்தால் 14 முதல் 18 கிலோகலோரி. ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு வாய் ரொட்டியே போதும்.

ஆனால் போதாது. ஒவ்வொரு குலைக்கும் தன் உடம்பையும் சேர்த்துக் குனிந்து நிமிர வேண்டும், சேற்றில் வண்டி தள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கம்பம். உயர்ந்த மரத்தில், நுனி அரிவாளைக் குலைக்காம்பில் பொருத்தி, அண்ணாந்து, கம்பம் ஆடாமல் பிடித்து நிற்கும்போது எதுவும் நகரவில்லை. இயற்பியல் கணக்கில் வேலை பூஜ்யம். ஆனாலும் முன்கை நடுங்குகிறது. உள்ளே மையோசின் என்ற புரதத்தின் தலைகள் ஆக்டின் இழையைப் பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு தலை ஒவ்வொரு முறை பிடித்து விடும்போதும் ஒரு ஏடிபி மூலக்கூறு, அதாவது உடம்பு சக்தியைச் செலவழிக்கும் சில்லறைக் காசு, செலவு. இந்த இழைகள் ஒன்றையொன்று உரசி நகர்வதுதான் தசைச் சுருக்கம் என்பதை 1954இல் ஹக்ஸ்லி என்ற பெயருடைய இருவர், தனித்தனிக் குழுக்களாக, எழுதினார்கள். பாரம் நகராவிட்டாலும் தலைகள் ஓய்வதில்லை.

தசையில் கையிருப்பாக இருக்கும் ஏடிபி சில நொடிகளுக்குத்தான் வரும். அப்புறம் குளுக்கோஸோ கொழுப்போ அதைப் புதுப்பிக்க வேண்டும். ஆக்சிஜனோடு எரிந்தால் ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி. ஆக்சிஜன் இல்லாமல் இரண்டே இரண்டு. இறுகப் பிடித்த முன்கையில் ரத்த ஓட்டமே நெருக்கப்படுவதால், அந்த நேரத்தில் ஆக்சிஜன் சரியாகப் போய்ச் சேராது. கொழுப்புக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். ஆக, கம்பம் பிடிக்கும் கைக்கு அப்போது உதவுவது மாவுச்சத்திலிருந்து வந்த சர்க்கரைதான். என் தேர்வு இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

நாசி லெமாக் ருசிதான், சக்தியும் நிறைய. ஆனால் தேங்காய்ப்பாலும் சம்பல் எண்ணெயும் செரித்து ரத்தத்துக்கு வரப் பல மணி நேரம் ஆகும்; குனிந்து நிமிரும் வேலையில் வயிறும் கனக்கும். ரொட்டி சானாய் பாதி வழி. மாவு இருக்கிறது, கொழுப்பும் கூடவே இருக்கிறது. பருப்புக் கறியைத் தாராளமாகக் கேட்டு வாங்கினால் பரவாயில்லை.

தேத்தண்ணியும் நாலு பிஸ்கட்டும்? 250 கிலோகலோரிக்குள் அடங்கிவிடும். கடும் உழைப்பு மணிக்கு 300க்கு மேல் கேட்கும். கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சீனி என்பதால் ஏற்றம் சீக்கிரம் தெரியும், இறக்கமும் சீக்கிரம் தெரியும். டப்பா பானம் இதைவிட மோசம் என்பேன். அதிலுள்ள கஃபீன் எரிபொருள் இல்லை. மூளைக்குச் சோர்வைச் சொல்லும் அடினோசினைத் தடுக்கிறது, அவ்வளவுதான். மரத்தடியில் கூரான அரிவாளோடு நிற்கிறவருக்குச் சோர்வு தெரியாமல் போவது நல்லதில்லை.

என் ஓட்டு சோற்றுக்கும் தோசைக்கும்தான். கூடவே முட்டையோ பருப்போ. 300 கிராம் சோற்றில் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து கிடைக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: முன்கைத் தசையின் சர்க்கரைச் சேமிப்பு நேற்று இரவுச் சாப்பாட்டில் நிரம்பியது. காலைச் சாப்பாடு முக்கியமாக ஈரலுக்கு. ராத்திரி முழுக்க மூளைக்குச் சர்க்கரை கொடுத்து ஈரல் இளைத்திருக்கும். ஆகவே இரவில் சரியாகச் சாப்பிடாமல் படுத்தவருக்கு எந்தப் பசியாறலும் முழுதாகக் கைகொடுக்காது. இனிப்புத் தேத்தண்ணியை ஒதுக்கச் சொல்லவில்லை. அதை ஒன்பது மணி ஓய்வுக்குத் தள்ளி வைத்தால் சரியான நேரத்தில் வேலை செய்யும்.

பால்மரம் வெட்டுகிறவருக்கு இதே பதில் பொருந்தாது. மரத்துக்கு மரம் நடந்து, லேசான கத்தியால் வெட்டும் வேலையில் மூச்சு சீராக ஓடும், கொழுப்பும் நன்றாக எரியும். அவர் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுப் போனால் நான் தடுக்க மாட்டேன்.

தண்ணீரில் மட்டும் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. எரித்ததில் ஐந்தில் நான்கு பங்கு சூடு என்றேன். ஆறு மணி நேரக் கடும் வேலையில் அது 1,500 கிலோகலோரியைத் தாண்டிவிடும். ஒரு லிட்டர் வியர்வை காய்ந்தால் 580 கிலோகலோரி சூடு இறங்கும். நம் ஈரக்காற்றில் வியர்வை காயாமல் சொட்டி வீணாவதால், மூன்று லிட்டரும் பற்றாது.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவில் நம்மவர்களிடையே அது அதிகம் என்பதால் இதை விட்டுவிட முடியாது. வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மாத்திரை போட்டுவிட்டு வெறும் தேத்தண்ணியோடு கிளம்பினால், சில மாத்திரைகளில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். சோற்றின் அளவை டாக்டரிடம் கேட்டு வையுங்கள். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். திடீரென்று கை நடுங்கிக் குளிர்ந்து வியர்த்தால், கம்பத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதை வாயில் போடுங்கள்.