பால்கனி சோலார் வாங்கப் போறீங்களா? என் 480 யூரோ போன கதை

ஜெர்மனியில் இருக்கும் நம்மாட்கள் கவனத்துக்கு. நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, கோபத்தில்தான் எழுதுகிறேன். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பால்கனிக் கம்பியில் இரண்டு பேனல், அதன் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் ஒரு இன்வெர்ட்டர், பிளக்கைச் சுவரில் சொருகினால் கரண்ட். முன்பு 600 வாட்தான். 2024 மே முதல் 800 வாட் வரை இன்வெர்ட்டர் வைக்கலாம், அரசுப் பதிவேட்டில் ஆன்லைனில் பதிந்தால் போதும். அதே வருடம் அக்டோபரில் வந்த திருத்தத்தால் வீட்டுக்காரரும் சும்மா மறுக்க முடியாது. இவ்வளவு சுலபமாக்கி வைத்ததால்தான் நானும் அலட்சியமாக இருந்துவிட்டேன்.

விற்றவர் தமிழர். வாட்ஸ்அப் குழுவில் யாரோ கொடுத்த நம்பர். "சாப்பிட்டாச்சா தம்பி?" என்றுதான் ஆரம்பித்தார். அரை மணி நேரம் பேச்சு. பால்கனி தெற்குப் பார்த்தது என்றதும் "கொடுத்து வெச்சவங்க தம்பி நீங்க" என்றார். அங்கே விழுந்தேன். "பில் போட்டா 19 சதவீதம் வரி வரும். செயலியில நண்பருக்கு அனுப்புற மாதிரி அனுப்பிடுங்க." அனுப்பினேன், 480 யூரோ. நம்ம ஆளிடம் போய் பில்லை வற்புறுத்துவதா என்று கூச்சம் வேறு.

பெட்டி வந்தது. வீட்டுக்கார அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, இன்வெர்ட்டரின் சான்றிதழ். கரண்ட் போனாலோ பிளக்கைப் பிடுங்கினாலோ அது உடனே தானாக நிற்கும் என்பதற்கான காகிதம். நிற்காவிட்டால் பிளக்கின் முள்ளைத் தொடும் குழந்தைக்கு ஷாக். விற்ற அண்ணன் அனுப்பிய பிடிஎஃபில் மாடல் நம்பரே வேறு. சந்தேகப்பட்டு இன்வெர்ட்டரைத் திருப்பினேன். '800' ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தால், அடியில் இன்னொரு ஸ்டிக்கர். 1200.

போன் போட்டேன். "யார் தம்பி வந்து பார்க்கப் போறா? எல்லாரும் இதைத்தான் மாட்டியிருக்காங்க." அடுத்த முறை, "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன்." அதற்கடுத்த முறை, "கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருக்கேன், வந்து பேசிக்கலாம்." அப்புறம் நீல டிக் மட்டும். செயலிக்காரர்களோ, நண்பருக்கு அனுப்பிய பணத்துக்குப் பாதுகாப்பு கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆன்லைன் கடையில் முறையாக வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பியிருக்கலாம். இவர் வியாபாரி என்பதற்கே என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 480 யூரோ!

சரி, சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன். பில் இல்லாமல் வாங்காதீர்கள். இந்தச் சாமானுக்கு 2023 முதல் விற்பனை வரியே பூஜ்யம், 19 சதவீதம் என்பது பச்சைப் பொய். சான்றிதழில் உள்ள மாடல் நம்பரும் பெட்டியில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். 'நண்பருக்கு' பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

பேனல் இரண்டும் கீழே நிலவறையில் சைக்கிளுக்குப் பின்னால் சாத்திக் கிடக்கின்றன. இதே மாதிரி யாரிடமாவது வாங்கியவர்கள், பகலில் பிளக்கைக் கழற்றாமல், பால்கனியில் வெளிச்சம் போன பிறகு கழற்றி, இன்வெர்ட்டரில் உள்ள அந்த ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். அப்புறம் எனக்கு ஒரு வரி போடுங்கள்.