சிர்க்கோனியா கத்தி: ஐந்தாண்டுகளுக்குப் பின்

விலை குறைந்திருக்கும்போதே, சிர்க்கோனியா என்னும் சிர்க்கோனியம் ஆக்சைடால் ஆன செராமிக் கத்தி ஒன்று வாங்கிவிடலாமா என்று நண்பர் கேட்டார். சாணை பிடித்து வாங்கி வந்த என் செராமிக் கத்தியின் வாயில், ஒரு வாரம் முடிவதற்குள் மீண்டும் ஒரு சில்லு பெயர்ந்திருந்த நாளில் அந்தக் கேள்வி வந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஆண்டுகளாக இந்தக் கத்தி தக்காளியை நசுக்காமல் அரிந்து தந்திருக்கிறது. எலுமிச்சையையும் மாங்காயையும் நறுக்கிவிட்டுக் கழுவ மறந்தாலும் துருவேறுவதில்லை. பழத்தில் இரும்பு வாடையும் இல்லை. ஒருமுறை கைதவறித் தரையில் விழுந்தபோதுகூட இரண்டாகவில்லை.

இந்த உறுதிக்குப் பின்னுள்ள அறிவியல் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. கத்திக்கான சிர்க்கோனியாவில் ஏறத்தாழ 3 மோல் விழுக்காடு (மூலக்கூறு எண்ணிக்கையில் நூற்றுக்கு மூன்று) இட்ரியா என்னும் இட்ரியம் ஆக்சைடு சேர்ப்பதால், உயர் வெப்பநிலைக்குரிய நாற்கோணப் படிக அமைப்பு அறை வெப்பநிலையிலும் கலையாமல் நிற்கிறது; விரிசல் ஒன்று நெருங்கும்போது, அதன் முனையைச் சூழ்ந்த படிகமணிகள் ஒற்றைச்சரிவு என்னும் வேறொரு படிக அமைப்புக்கு மாறி, ஏறத்தாழ 4 விழுக்காடு பருத்து, விரிசலை இருபுறமும் நெருக்கி அதன் ஓட்டத்தைத் தடுக்கின்றன. உருமாற்றத்தால் உறுதி கூடும் இந்த வழியை 1975-இல் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ ஆகிய ஆய்வாளர்கள் மூவர் ஆஸ்திரேலியாவிலிருந்து அறிவித்தபோது, கட்டுரையின் தலைப்பிலேயே 'செராமிக் எஃகா?' என்று கேட்டிருந்தார்கள்.

அந்தக் கேள்விக்கு என் சமையலறை தரும் விடை, இல்லை என்பதே. விரிசலை எதிர்ப்பது வேறு, வளைந்துகொடுப்பது வேறு. எஃகுக் கத்தியின் வாய் மடங்கினால், தீட்டுக்கோலில் இரண்டு இழுப்பு இழுத்து நிமிர்த்திக்கொள்ளலாம். இதன் வாய்க்கு மடங்கத் தெரியாது. பூசணித் தோலில் சற்றே பக்கவாட்டில் திருகினாலும் மணல் அளவுக்குத் தெறித்துவிடும். தெறித்த சில்லு காய்க்குள் போயிருக்குமோ என்ற அச்சத்தில், அரிந்த காய் முழுவதையும் கொட்டிய நாள்கள் உண்டு. வீட்டுச் சாணைக்கல்லால் பயனில்லை. வைரத்துகள் பதித்த சக்கரம் வேண்டும். 'உடையாது' என்று சொல்லி விற்றவர்கள் இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பதுதான் என் கோபம்.

எலுமிச்சை அரிய என் கை இன்றும் இந்தக் கத்தியைத்தான் தேடுகிறது. ஆயினும் நண்பருக்கு, எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்றே எழுதி அனுப்பினேன்.