ஹைபிரிட் கார்: லிட்டர் கணக்கில் பார்த்தால் கட்டுப்படியாகுமா?

ஹைபிரிட் என்பது பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியில் ஓடும் மின் மோட்டாரும் சேர்ந்த கார். அதன் விலை வித்தியாசத்தைப் பணமாகப் பார்க்காமல் லிட்டராக மாற்றிப் பாருங்கள். ஒரே வசதிகள் உள்ள பெட்ரோல் மாடலைவிட ஹைபிரிட் எவ்வளவு கூடுதலோ, அதை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையால் வகுக்க வேண்டும். 2,000 லிட்டர் வருகிறது என்று வையுங்கள். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ., ஹைபிரிட் 23 கி.மீ. கொடுத்தால் 1,000 கி.மீ.க்கு மிச்சம் சுமார் 23 லிட்டர். வருடம் 10,000 கி.மீ. ஓட்டுபவருக்குப் போட்ட காசு திரும்ப எட்டரை வருடமாகும். 25,000 ஓட்டினால் மூன்றரை வருடம் போதும்.

மைலேஜுக்கு விளம்பர எண்ணை நம்பாதீர்கள். நின்று நின்று போகும் டவுன் டிராஃபிக்கில்தான் ஹைபிரிட் ஜொலிக்கும்: பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றல் பேட்டரிக்குத் திரும்புகிறது. ஹைவேயில் சீராக ஓட்டினால் பிரேக்குக்கே வேலை குறைவு, லாபமும் சுருங்கிவிடும். 'மைல்டு ஹைபிரிட்' என்பது வேறு ரகம். சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். அதற்குப் பெரிய விலை கொடுப்பது வீண்.

ஹைபிரிட்டில் பிரேக் பேட் நீண்ட நாள் வரும். பல மாடல்களில் பின்சீட்டருகே பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளை இருக்கும். அதன் ஃபில்டரில் தூசி அடைத்தால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். சர்வீஸில் கேட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பழைய வண்டி வாங்கினால் பேட்டரி வாரன்டி மிச்சமிருக்கிறதா என்பதே முதல் கேள்வி.