ஔலி பனிச்சறுக்குக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

வேலூர், காட்பாடிப் பக்கம் யாராவது உத்தராகண்டில் இருக்கும் ஔலிக்குப் பனிச்சறுக்குப் பேக்கேஜுக்குப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். போன பிப்ரவரியில் நானும் மச்சானும் ஆளுக்கு 24,000 ரூபாய் கட்டிப் போனோம். அவன் இப்போது முட்டியில் கட்டோடு வீட்டில் கிடக்கிறான், அத்தை முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

பேக்கேஜ் விற்ற ஆள் நம்ம உள்ளூர்தான். "ஜோஷிமட்டுல ரோப் கார்ல ஏறுனா நேரா பனியிலதான் சார் இறங்குவீங்க" என்றார். 2023 ஜனவரியில், ஔலிக்குக் கீழே இருக்கும் ஜோஷிமட் ஊரில் நிலம் புதைந்து வீடுகள் விரிசல் விட்டபோது நிறுத்திய ரோப் கார் அது, நாங்கள் போனபோதும் ஓடவில்லை. டாக்சிக்குத் தனியாகக் கொடுத்தோம். சரி, அதைக்கூட விட்டுவிடலாம்.

அப்போதுதான் பனி விழுந்திருந்தது. மறுநாள் காலை பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே ஏறினோம். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர்தான், ஔலி சரிவின் மேல்பக்கம் 3,000 மீட்டரைத் தொடும், பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் எதிரே நந்தா தேவி சிகரம் வெள்ளையாக நிற்பதைப் பார்த்ததும் களைப்பே தெரியவில்லை.

மேலே போய் பூட்ஸ் மாட்டும்போதுதான் கவனித்தேன். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பதினொரு வருஷமாக வேலை செய்கிறேன், பூட்ஸ் செய்யும் பியூ (பாலியூரித்தேன்) பிளாஸ்டிக் பழசானால் எப்படிப் பொடியும் என்று எனக்குத் தெரியும். குதிகால் ஓரத்தை நகத்தால் அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கூட வந்த பையனிடம் காட்டினேன், "எல்லாரும் இதைத்தான் போடுறாங்க அண்ணா" என்றான். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பைண்டிங்கில் ஒரு எண் இருக்கும். எடை, உயரம், வயது, பூட்ஸின் அடி நீளம், எவ்வளவு பழக்கம் என்று எல்லாம் பார்த்து அதை ஆளுக்கு ஆள் மாற்றி வைக்க வேண்டும், அப்போதுதான் விழும்போது பலகை தானாகக் கழன்று காலை விடும். எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஒரே எண், 8. மச்சான் 58 கிலோதான், பனியையே அன்றைக்குத்தான் பார்க்கிறான். மூன்றாவது திருப்பத்தில் விழுந்தான், பலகை கழலவில்லை, கால் மட்டும் முறுக்கிக்கொண்டது. புதிதாகக் கற்பவனுக்கு 8 ரொம்ப அதிகம் என்று அங்கிருந்த வேறொரு பயிற்சியாளர் பிறகு சொன்னார். ஊருக்கு வந்து ஸ்கேன் எடுத்தால் ஏசிஎல், அதாவது முட்டிக்குள் இருக்கும் தசைநார், கிழிந்திருக்கிறது.

இன்சூரன்ஸ் சேர்த்துத்தான் அந்த 24,000 என்றார்கள். பாலிசி நம்பர் கேட்டேன், அப்படி ஒன்று எடுக்கவே இல்லை. "விளையாட்டுன்னா அடி படத்தான் சார் செய்யும்" என்று சொன்ன அந்தப் பேக்கேஜ் ஆள், அப்புறம் போனையே எடுப்பதில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.

வேறு யாரிடம் கட்டுவதாக இருந்தாலும் பாலிசி நம்பரைக் கையில் வாங்காமல் முன்பணம் போடாதீர்கள். பைண்டிங் எண்ணை உங்கள் எடை கேட்டு உங்கள் கண் முன்னால் மாற்றி வைக்காவிட்டால் பலகையில் ஏறாதீர்கள். இதே மாதிரி பணம் கட்டி மாட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.