ஏழு வருஷம், மூன்று காயில்: எங்கள் ஹார்டனிங் ஃபர்னஸ்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை (எஃகைக் காய்ச்சிக் கடினமாக்கும் இடம்) நடத்துகிறேன். 12 கிலோவாட் மின்சாரப் பெட்டி ஃபர்னஸ், மூன்று பேஸ் (phase) கரண்ட், பேஸுக்கு 4 கிலோவாட். டி2 என்ற கருவி எஃகில் செய்த பஞ்ச், டைதான் (தகட்டைத் துளைக்கும், வெட்டும் கருவிகள்) அதிகம் வரும். அதைக் கடினமாக்க 1020 டிகிரிக்கு ஏற்றியாக வேண்டும்.

2019-இல் வாங்கும்போது உள்ளே சூடேற்றும் காயில் 80/20 நிக்ரோம் (நிக்கல்-குரோமியம்) கம்பி, 16 கேஜ். மூன்று வருஷம் ஓடிவிட்டு அடிக்கடி அறுந்துபோக ஆரம்பித்தது. நிக்ரோம் 1200 டிகிரி தாங்கும் என்பார்கள். அது கம்பியின் சூடு. மீட்டர் காட்டுவது அறையின் சூடு. வேலை நடக்கும்போது கம்பி எப்போதும் அறையைவிட மேலேதான் நிற்கும்.

அடுத்து 1400 டிகிரி ரகம், இரும்பு-குரோமியம்-அலுமினியம் கம்பி. காந்தம் வைத்துப் பார்த்தே வாங்கினேன்: இது ஒட்டும், 80/20 நிக்ரோம் ஒட்டாது. கம்பியில் குறையில்லை, கணக்கில்தான் கோட்டை விட்டோம். சுற்றிக் கொடுத்தவர் அதே 16 கேஜிலேயே சுற்றினார். இதற்கு மின்தடை அதிகம் என்பதால் பேஸுக்கு 25 மீட்டர் போன இடத்தில் 19 மீட்டரே போதுமானது. காசு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். நீளம் குறைந்ததில் பரப்பும் குறைந்து, கம்பிப் பரப்பின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 வாட் இருந்த பளு 4-ஐத் தாண்டிவிட்டது. ஐந்தே மாதத்தில் முடிந்தது.

2023-இல் அதே ரகத்தில் 14 கேஜ் (எண் குறைந்தால் கம்பி தடிமன்), பேஸுக்கு 29 மீட்டர். பளு 2 வாட் சொச்சம். அன்றிலிருந்து காயில் மாற்றவில்லை.

இந்தக் கம்பியில் ஒரு வம்பு உண்டு: ஒருமுறை சூடேறிவிட்டால் மொறமொறத்துப்போகும். தொங்கிய வளையத்தைப் பையன் ஆறிய நிலையில் குறடால் நிமிர்த்தப் போனான். அப்பளம் மாதிரி 'டக்'. இப்போது கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சாமல் தொடுவதில்லை.

2024 ஃபெஞ்சல் புயலில் தண்ணீர் புகுந்து செங்கல் ஊறிவிட்டது. கதவை லேசாகத் திறந்துவைத்து 120 டிகிரியில் இரண்டு நாள் காயவைத்த பிறகுதான் மேலே ஏற்றினோம். உப்புக்காற்றுக்கு டெர்மினல் நட்டுகளை மூன்று மாதத்துக்கொருமுறை தேய்த்து முறுக்குகிறோம்.

கம்பிக்குப் பதில் சிலிக்கான் கார்பைடு தண்டு போடச் சொன்னவர்களும் உண்டு. வயதாக ஆக அதன் தடை ஏறும், ஈடுகட்ட வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றும், டேப் (tap) மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 1020 டிகிரிக்கு அவ்வளவு எதற்கு?

இப்போதிருக்கும் காயில் புதிதில் பேஸுக்கு 17.3 ஆம்பியர் இழுத்தது. போன வாரம் கிளாம்ப் மீட்டர் 16.8 காட்டியது; பெரிதாக மாறவில்லை.