கண்ணாடி போட்ட பையனுக்கு எந்த விமானம்?

பிளஸ் டூ படிக்கும் அக்கா மகன் கேட்டான்: "மாமா, எனக்கு மைனஸ் ஒன்றரை. பைலட் ஆக முடியுமா?" எந்த பைலட் என்று திருப்பிக் கேட்டேன். கண் விஷயத்தில் விமானப்படைக்கும் ஏர்லைனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

விமானப்படையின் பறக்கும் பிரிவு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் கண்ணைப் பார்க்கும். ஒரு கண்ணில் 6/6, அதாவது இயல்பான முழுப் பார்வை. மறு கண்ணில் குறைந்தது 6/9, அதாவது அதைவிடச் சற்றே மங்கல். அந்தக் குறையைக் கண்ணாடியால் சரிசெய்யலாம், ஆனால் பிளஸ் பவருக்கு மட்டும். அதுவும் +2 வரை. மைனஸ் பவருக்குக் கதவு சாத்திக் கிடக்கிறது. ஹெல்மெட்டும் ஆக்ஸிஜன் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு, உடல் எடை பல மடங்காக அழுத்தும் திருப்பத்தில் மூக்குக் கண்ணாடி நழுவினால் என்ன ஆகும்? கண்டிப்பில் நியாயம் இருக்கிறது.

சிவில் பக்கம், விமானி லைசென்ஸ் கொடுக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ கேட்பது வேறு. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 வந்தால் போதும். கண்ணாடி தேவைப்படுபவர் பறக்கும்போது அதைப் போட்டே ஆகவேண்டும், கைக்கெட்டும் இடத்தில் இன்னொரு ஜோடியும் இருக்க வேண்டும். மாணவ பைலட்டுக்கு கிளாஸ் 2 மெடிக்கல், கமர்ஷியல் லைசென்ஸுக்கு கிளாஸ் 1. என் யோசனை: பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே கிளாஸ் 1 எடுத்துவிடுங்கள்.

"லேசிக் பண்ணிட்டு விமானப்படைக்குப் போகலாமே?" என்றான். பவரைப் போக்கும் லேசர் ஆபரேஷனைச் சொல்கிறான். போகலாம், ஆனால் 20 வயதுக்கு முன் செய்தது செல்லாது. செய்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். பழைய பவர் 6-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. பிளஸ் டூ முடித்ததும் சேரும் ராணுவ அகாடமியான என்டிஏவுக்கு வயது 19½க்குள் என்பதால் அந்த வழி அடிபட்டுப் போகும். மிஞ்சுவது விமானப்படையின் ஏஎஃப்கேட் நுழைவுத் தேர்வு போன்ற பட்டதாரி வழி. அதன் பறக்கும் பிரிவுக்கு 24 வயது வரம்பு. ஆக, கையில் இருப்பது இரண்டு மூன்று வருஷம்தான்.

இவ்வளவும் பவர் கதை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பயமுறுத்துவது நிறம். 2002 ஜூலையில் அமெரிக்காவின் டாலஹாஸியில் ஒரு போயிங் 727 சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது, அதில் இருந்த மூவரும் பிழைத்தார்கள். ஓடுபாதை ஓரத்தில் வரிசையாக நான்கு விளக்குகள்: இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரம், நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு. அன்று விமானிகளின் களைப்போடு, துணை விமானியின் நிறப்பார்வைக் குறையும் காரணங்களில் ஒன்று என்று விசாரணை முடிவானது. மைனஸுக்குக் கண்ணாடி உண்டு. நிறக்குறையை முழுசாகச் சரிசெய்யும் கண்ணாடியும் இல்லை, ஆபரேஷனும் இல்லை.

அதனால் முதலில் அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்து நிறப்பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்தின் 12 எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அடுத்தடுத்துப் புள்ளிக் கூட்டங்கள். ஒரு பக்கத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்: சரியான கண்ணுக்கு 74, சிவப்பு-பச்சை குழம்பும் கண்ணுக்கு 21. "எழுபத்து நாலு" என்றான், சர்வசாதாரணமாக.

விமானப்படை ஆசையை மூட்டை கட்டிவிட்டான். இப்போது பயிற்சிக் கட்டணத்துக்கு வழி கேட்டு அக்காதான் தினமும் போன் செய்கிறாள்.